அரையோடு மூன்றில் ஒன்று

அரசாங்கம் எதையும் முழுசாகச் செய்யாது என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள், அந்த ஊர்ப் பின்னங்கள் அலுவலகத்தை ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே அரை வேலையை அரை வேலையாகவும் கால் வேலையைக் கால் வேலையாகவும் ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுத்தார்கள். தரைத்தளத்தில் அரைப் பிரிவு. முதல் மாடியில் மூன்றிலொன்றுப் பிரிவு. அதற்கும் மேலே கால் பிரிவு. பல பேருக்குச் சொந்தமான பழைய வீடுகளில் யாருக்கு எத்தனை பங்கு என்று சான்று கொடுப்பதுதான் இவர்கள் வேலை. சான்று இல்லாமல் அந்த ஊரில் ஒரு பழைய வீட்டின் கூரை ஓடுகளை மாற்றக்கூட முடியாது.

பல்செட்டுக்காரர் மாற்ற வேண்டியிருந்தது அந்த ஓடுகளைத்தான்.

அவர் பேர் என்ன என்று அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது. ஊர் முழுக்க அவரைப் பல்செட்டுக்காரர் என்றே கூப்பிட்டது. கடைத்தெருவில் கோணலாக நிற்கும் ஒரு கடையில் உட்கார்ந்து மெழுகை உருக்கி, ஈறு நிறத்தில் அச்சு வார்த்து, பல் பல்லாகப் பதித்துக்கொண்டிருப்பார். ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பளிச்சென்று சிரித்தால் அது பெரும்பாலும் அவர் கைவேலை. இதில் ஒரு தொல்லை உண்டு. யார் வாயைத் திறந்தாலும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். கல்யாணப் பேச்சுவார்த்தையின்போது மாமனார் சொன்ன நிபந்தனைகள் எதுவும் அவர் காதில் விழாமல் போனதற்கு இதுதான் காரணம். வீட்டில் யார் பேச்சு நடக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று என்று பின்னால் தெரிந்தது.

வீடு தாத்தா கட்டியது. அதில் அரைப் பங்கு அப்பா வழியாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு அத்தைக்குப் போயிருந்தது. பிள்ளையில்லாத அத்தை சாகும்போது அதை இவர் பேருக்கே எழுதி வைத்தாள். பாக்கி இருந்த துண்டு சித்தப்பாவுடையது. அவர் இளவயதில் கப்பலேறிப் போனவர், எந்தக் கரையில் இறங்கினார் என்று இன்றுவரை தகவல் இல்லை.

முக்கால் பங்குக்குக் குறையாமல் கையில் இருந்தால்தான் கூரை வேலைக்கு அனுமதி. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் முக்காலைத் தாண்டும் என்று பல்செட்டுக்காரருக்கு ஒரு நம்பிக்கை. அதை அலுவலகம் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவசரம் மகளால் வந்தது. பெரிய நகரத்தில் அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மாப்பிள்ளை கப்பல் வேலைக்காரர், திரும்ப மாசக் கணக்காகும். அதுவரை நாத்தனார் வீட்டில் இருந்தாள்.

"நாத்தனார் நல்லவங்கதாம்ப்பா" என்றாள் தொலைபேசியில். "ஆனா நல்லவங்கன்னு அவங்களே அடிக்கடி ஞாபகப்படுத்துறாங்க. பின்னறை ஒழுகாம இருந்தா சொல்லுங்க, நாளைக்கே புறப்பட்டு வரேன்."

பின்னறை ஒழுகியது. ஒழுகியது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. மழை வந்தால் வெளியே நிற்பவர்களைவிட உள்ளே நிற்பவர்கள் அதிகம் நனைந்தார்கள். பேத்தியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று பல்செட்டுக்காரருக்குக் கை பரபரத்தது. மழைக்காலம் வேறு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

அலுவலகத்தில் விசாரணை மேசையில் ஒருவர் இருந்தார். மேல்வரிசையில் ஓட்டை விழுந்த கடைவாய்ப்பல், உடனே கவனிக்க வேண்டியது. பல்செட்டுக்காரர் அதிலிருந்து கண்ணை எடுத்து விஷயத்தைச் சொன்னார்.

"சேக்கணுமா?" விசாரணைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு வெவ்வேற பிரிவாச்சே. அதுக்குத் தனி முறை இருக்கு. சொல்லுங்க, மேல என்ன இருக்கு?"

"அரைக்கு மேல ஒண்ணு. மூணில் ஒண்ணுக்கும் மேல ஒண்ணுதான்."

"ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ?"

"ரெண்டும் மூணும்."

"அஞ்சு. அப்போ மேல ரெண்டு, கீழ அஞ்சு. அஞ்சில் ரெண்டு பங்கு உங்களுது. முக்காலுக்குக் குறையுது, அனுமதி இல்ல. அடுத்தது யாரு?"

பல்செட்டுக்காரர் நகரவில்லை. "சார், உள்ளே வரும்போதே என் கையில அரை இருந்தது. அஞ்சில் ரெண்டுன்னா அரையைவிடக் கம்மி இல்லையா?"

"எப்படிச் சொல்றீங்க?"

"அஞ்சில பாதி ரெண்டரை ஆச்சே."

"ரெண்டரையெல்லாம் இங்க கிடையாது."

"இருக்கிறதோட அத்தை பங்கையும் சேத்தா எனக்கு எப்படி சார் குறையும்?"

விசாரணைக்காரர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் பொறுமையாகச் சொன்னார். "நகையை உருக்கிச் சேத்தா சேதாரம் போகுமா போகாதா? அதே மாதிரிதான். மேலயும் பாரபட்சம் இல்லாம கூட்டியாச்சு, கீழயும் பாரபட்சம் இல்லாம கூட்டியாச்சு. இதைவிட நியாயமா எப்படிக் கூட்டுறது?"

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க அத்தை உயிரோட இருந்தப்பவே கொடுத்ததைவிட வாங்கினதுதான் அதிகம். செத்த பிறகு கொடுத்தாங்களேன்னு பாத்தேன். அரை அஞ்சில் ரெண்டாச்சுன்னா, பத்தில் ஒரு பங்கை உங்ககிட்டருந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"அத்தையை ஏன் இழுக்கிற? ஆபீஸ் கணக்கு அப்படி."

"அரைச் சொம்புத் தண்ணியில இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தினா, சொம்புல இருக்கிறது குறையுமா? போய் அவங்களைக் கேளுங்க."

மறுநாள் போய்க் கேட்டார். விசாரணைக்காரர் யோசித்துவிட்டு, தண்ணீர் வேறு துறை என்றார்.

இருந்தாலும் அந்தச் சொம்பு அவரை உறுத்தியிருக்க வேண்டும். மனுவை மேலே தள்ளிவிட்டார். மேலே என்றால் இயக்குநர். இயக்குநர் இரண்டு பிரிவுக் கண்காணிப்பாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, மனுதாரரையும் கூப்பிட்டார். அந்த இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தது அந்தக் கட்டடத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவை என்று தேநீர் கொண்டுவந்தவர் காதோடு சொன்னார். இருவருக்கும் ஒரே அளவு டம்ளரில் தேநீர் வந்தது. அரைப் பிரிவுக் கண்காணிப்பாளர் அரை டம்ளர் குடித்து வைத்தார். மூன்றிலொன்றுப் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மாள் அதற்கும் கொஞ்சம் குறைவாகவே குடித்தார். கொள்கை என்றால் கொள்கை.

அரைப் பிரிவுக் கண்காணிப்பாளர் வாய் திறந்ததும் பல்செட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் அவர் செய்து கொடுத்தவை. தன் கைவேலையே தனக்கு எதிராகப் பேசுவதைக் கேட்க ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் கடி நன்றாகப் பொருந்தியிருந்ததில் உள்ளூர ஒரு திருப்தி.

"ரெண்டையும் சேக்கணும்னா கீழ ஒரே எண் வேணும்" என்றார் இயக்குநர். "ரெண்டுக்கும் பொதுவா ஒரு எண். யோசனை சொல்லுங்க."

"ரெண்டே இருக்கட்டும்" என்றார் அரைக்காரர். "அரைங்கிறது குழந்தைக்குக்கூடத் தெரியும். எல்லாரும் பாதிப் பாதின்னு சொல்றாங்க. யாராவது மூணில் ஒண்ணுன்னு சண்டை போடுறாங்களா?"

"சண்டை போடாம இருக்கிறதுதான் எங்க பிரிவோட பெருமை" என்றார் அம்மாள். "மூணே இருக்கட்டும். ரெண்டைவிடப் பெருசு."

"ஆறு?" என்றார் பல்செட்டுக்காரர் மெல்ல. கடையில் ஆறு ஆறாகப் பல் அடுக்கிப் பழக்கம். முன்பற்கள் ஆறு ஒரு தட்டில் வரும். அதில் பாதி மூன்று, மூன்றில் ஒரு பங்கு இரண்டு என்பது கைக்குத் தெரிந்த விஷயம்.

ஆறு யார் பிரிவுக்கும் சொந்தமில்லாத எண் என்பதால் யாருக்கும் உடனே கோபம் வரவில்லை. இயக்குநர் கையோடு ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். அங்கேதான் காரியம் கெட்டது.

"அரைன்னா ஆறில் மூணு" என்று படித்தார்.

"மூணா?" அரைக்காரர் எழுந்தே விட்டார். "எங்க அரைக்கு மேல மூணுன்னு எழுதுவீங்களா? மூணு அவங்க எண் சார்! நாளைக்கு எங்க வாசல்ல அவங்க பலகையை மாட்டச் சொல்வீங்க!"

"மூணில் ஒண்ணுன்னா ஆறில் ரெண்டு" என்று இயக்குநர் இன்னும் மெல்லப் படித்தார்.

அம்மாள் எழுந்திருக்கவில்லை. அவர் அழுதார். "இருபது வருஷமா மூணோட குடும்பம் நடத்துற மாதிரி நடத்தியிருக்கேன். கடைசியில என் தலையில ரெண்டைக் கட்டுறீங்களா? மாடியில ஏறி வேலை பாக்கிற எங்களைக் கீழ இறக்கணும், அதானே?"

"அம்மா, பங்கு மாறலை. அதேதான். எழுதுற விதம்தான் வேற" என்று சமாதானம் சொன்னார் பல்செட்டுக்காரர்.

"எழுதுற விதத்துக்குத்தான் எங்களுக்குச் சம்பளமே கொடுக்கிறாங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த அலுவலகத்தில் இரண்டு பிரிவுகளும் ஒன்று சேர்ந்த ஒரே தருணம் அது.

இயக்குநர் கையமர்த்தினார். பிறகு அவர் பேசியதை அந்த அலுவலகத்தில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

"நான் இங்க வேலைக்குச் சேர்ந்தப்ப ஒரே ஒரு அறை. ஒரே ஒரு மேசை. எந்தப் பின்னம் வந்தாலும் ஒருத்தரே கூட்டி, மத்தியானத்துக்குள்ள அனுப்பிடுவாரு. சாயங்காலம் முழுக்க அவருக்கு வேலையில்லை. பாக்கவே பரிதாபமா இருக்கும். இன்னிக்கு மூணு மாடி, இருக்கிற ஆளுக்கு நாற்காலி போதல. எப்படி வளர்ந்தோம்? யாரையும் யாரோடயும் கூட்டாம வளர்ந்தோம். கூட்டல் நல்லதுதான். ஆனா கூட்டி முடிச்சுட்டா அப்புறம் நாம எதுக்கு? நம்ம அலுவலகம் கூட்டலுக்கு எதிரி இல்ல. ஒவ்வொரு கூட்டலும் சரியான நேரத்துல நடக்கணும்னு காத்துக்கிட்டிருக்கோம், அவ்வளவுதான்."

தேநீர் கொண்டுவந்தவர்கூடக் கை தட்டினார்.

"ஆனா மனுதாரர் வீட்ல கைக்குழந்தை வரப்போகுது" என்று இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "அதனால ஒரு ஏற்பாடு. கூட்டவே வேண்டாம். அரைப் பிரிவு பாதிக் கூரைக்குத் தனியா அனுமதி கொடுக்கட்டும். மூணிலொண்ணுப் பிரிவு மூணில் ஒரு பங்குக் கூரைக்குத் தனியா கொடுக்கட்டும். அவங்கவங்க பங்கு ஓட்டை அவங்கவங்க கிடங்குலருந்து வாங்கிக்கட்டும். முக்கால் விதியை இந்த ஒரு தடவை நான் பாத்துக்கிறேன். யாருக்கும் மனத்தாங்கல் இல்லையே?"

யாருக்கும் இல்லை. பல்செட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே மகளைக் கூப்பிட்டு, "புறப்படும்மா" என்று சொல்லிவிட்டார். அனுமதி கிடைத்தாலே கூரை வந்த மாதிரி என்று நினைக்கிற வெள்ளை மனசு.

அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. பழைய ஓட்டை முழுக்க இறக்கிவிட்டால்தான் புது ஓட்டுக்கு உத்தரவு செல்லும். கொத்தனார் வந்து இறக்கினார். வீட்டுக்குள் நின்றபடி மேகம் பார்க்கலாம் என்றாயிற்று.

அரைப் பிரிவு அளவையாளர் நாடாவோடு வந்தார். கிழக்குச் சுவரில் ஆணியடித்து, நாடாவை இழுத்து, கூரைச் சட்டத்தின் நட்டநடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கிழக்குப் பாதிக்கு ஓடு வேயப்பட்டது. கூடமும் சமையலறையும் அழகாக மூடிக்கொண்டன. பின்னறை மேற்குப் பக்கம். அதற்கு அடுத்த பிரிவு வரும் என்று பல்செட்டுக்காரர் காத்திருந்தார்.

மூன்றிலொன்றுப் பிரிவு அளவையாளரும் வந்தார். அவரும் நேராகக் கிழக்குச் சுவருக்குப் போய் ஆணியடித்தார்.

"சார், அந்தப் பக்கம் ஆயிடுச்சு" என்றார் பல்செட்டுக்காரர். "அரைக்காரங்க வேய்ஞ்சுட்டாங்க. நீங்க அவங்க விட்ட இடத்திலருந்து ஆரம்பிச்சாப் போதும்."

"அவங்க எங்க விட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மேல பாருங்களேன், தெரியுது."

"தெரியலாம். அதிகாரபூர்வமாத் தெரியாது. எங்க கையேட்டுல பங்கு கிழக்குச் சுவர்லருந்துதான் ஆரம்பிக்கும். அவங்க விட்ட இடத்திலருந்து நான் தொடங்கினா அதுக்குப் பேர் என்ன? கூட்டல். அதைத்தான் இயக்குநர் வேண்டாம்னு சொல்லிட்டாரே."

பல்செட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருக்க, கிழக்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை ஓட்டின் மேல் ஓடு ஏறியது. அளவையாளர் வேலை முடியும்வரை நிழலில் நின்று சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

"எத்தனையோ வீட்டுல ஓடு வேய்ஞ்சிருக்கேன்" என்றார் கொத்தனார் இறங்கி வந்து. "ஓட்டுக்கு ஓடு வேய்ஞ்சது இதான் முதல் தடவை. இனிமே உங்க சமையலறையில ஆலங்கட்டி மழை பெஞ்சாலும் கவலை இல்ல."

மனைவி பின்னறை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "சமையலறைக்கு ரெட்டைக் கூரை. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. இதுக்குத்தான் இத்தனை நாள் அலைஞ்சீங்களா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி நின்றது. மகள் இறங்கினாள். கையில் துணி மூட்டை ஒன்று, அதற்குள் ஒரு முகம். பல் ஒன்றுகூட இல்லாத வாயைத் திறந்து அது கொட்டாவி விட்டது. வாழ்நாளில் முதல் தடவையாகப் பல்செட்டுக்காரர் தன் கை படாத ஒரு வாயைப் பார்த்துக் குறை எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

வானத்தில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"பின்னறை எப்படிப்பா இருக்கு?" என்றாள் மகள்.

"காத்தோட்டமா இருக்கு" என்றாள் மனைவி.

"நாத்தனார்கிட்ட திரும்பிப் போக மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

பல்செட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஏணியை எடுத்துச் சாத்தினார். கூலிக்குக் காத்துக்கொண்டு நின்ற கொத்தனார், அவர் என்ன செய்யப் போகிறார் என்று புரிந்ததும் தானும் மேலே ஏறினார். கிழக்குப் பக்கம் இரண்டாவது அடுக்காகக் கிடந்த ஓட்டை ஒவ்வொன்றாக உருவினார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, அரைக்காரர் விட்ட இடத்திலிருந்து வேய ஆரம்பித்தார்கள். மகள் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கீழிருந்து ஓடுகளைச் சட்டத்தோடு கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்தாள். சட்டத்துக்குச் சட்டம் மூடிக்கொண்டே வந்தது. பின்னறை முழுக்க நிழல் விழுந்தது. கையிலிருந்த ஓடு தீர்ந்தபோது, மேற்கு ஓரத்தில் துணி துவைக்கிற இடம் மட்டும் திறந்து கிடந்தது. சித்தப்பாவின் பங்கு. ஆறில் ஒன்று.

"ரெண்டு பிரிவு ஓட்டையும் ஒண்ணாச் சேத்துட்டோமே" என்றார் கொத்தனார், சட்டத்தில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தபடி. "இதுக்கு ஆபீஸ்ல ஏதாவது சொல்ல மாட்டாங்களா?"

மழை பிடித்துக்கொண்டது. இருவரும் சறுக்கிக்கொண்டு இறங்கி வருவதற்குள், சொல்ல வேண்டியவர் வந்துவிட்டார்.

பின்பக்க வாசல் வழியாக நுழைந்த, பின்னங்கள் அலுவலகத்தின் கள ஆய்வாளர் துவைக்கிற இடத்தில் நின்றார். தலைக்கு மேல் வானம். கையில் ஓர் அட்டை, அதில் ஓர் அறிவிப்பு பாதி எழுதியிருந்தது. மை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"தெருவிலருந்தே பாத்தேன்" என்றார். "அரைப் பிரிவு ஓடு ஒரு பக்கம், அதைத் தொட்டுக்கிட்டு மூணிலொண்ணுப் பிரிவு ஓடு. நடுவுல ஒரு இடைவெளிகூட இல்ல. என்ன இது?"

"கூரை" என்றார் பல்செட்டுக்காரர்.

"கூட்டல்! முன்அனுமதி இல்லாத கூட்டல். அலுவலகத்துல மூணு மாடியும் சேந்து வருஷக் கணக்கா யோசிக்கிறதை நீங்க ஒரு ஏணியைச் சாத்தி ஒரு மத்தியானத்துல பண்ணிட்டீங்க. நாளைக்கு எல்லாரும் ஏணி வாங்கினா என்ன ஆகுறது?"

எழுதப் பார்த்தார். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, தான் எழுதுவது அவருக்கே தெரியவில்லை. துடைத்தார், மறுபடி வழிந்தது. மகள் பின்னறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வந்து எழுதுங்க சார். அங்க நனையும்."

ஆய்வாளர் தயங்கினார். மேலே பார்த்தார். பிறகு இரண்டு எட்டு வைத்து உள்ளே வந்தார். மனைவி ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள், தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். ஓட்டின் மேல் மழை சடசடவென்று அடித்தது. ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை. கட்டிலில் குழந்தை அசையாமல் தூங்கியது.

அவர் புதுத் தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'இவ்வீட்டில் கூட்டப்பட்ட கூரை எதுவும் இல்லை என அலுவலகம் கருதுகிறது.' கீழே கையெழுத்திட்டுவிட்டு, மழை விடும்வரை அந்தக் கூரையின் கீழேயே உட்கார்ந்திருந்தார்.